வீட்டுக்குப் பேசும் சுவர்

மியூசியத்தில் வைத்திருந்த கட்டிலில் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்து, குறட்டை விடுவதுபோல வாயைப் பிளந்துகொண்டு போட்டோ எடுத்துக்கொண்டவன் நான். தலைமாட்டில் ‘தொடக் கூடாது’ என்று இரண்டு மொழிகளில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் ஒரு மொழி எனக்குத் தெரியாது, ஆகவே குற்றத்தில் பாதிதான் என்னுடையது என்று மனைவியிடம் வாதாடினேன். வயது நாற்பத்தேழு. சர்க்கரைக்கு மாத்திரை, கொழுப்புக்கு மாத்திரை, இரண்டும் அப்போது சட்டைப் பையில்தான் இருந்தன. புத்திக்கு மட்டும் யாரும் மாத்திரை எழுதித் தரவில்லை.

அந்தக் கட்டிலோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அதே வேலையை மறுபடியும் செய்தேன். இரண்டாம் முறை, எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதரின் கட்டிலில்.

துபாயில் குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்கு ஈத் விடுமுறை நெருங்கினால் ஒரு காய்ச்சல் வரும். நம்முடைய ரெசிடென்ஸ் விசாவைக் காட்டினால் உள்ளே விடுகிற நாடுகள் எவை என்று தேட ஆரம்பிப்பார்கள். எங்கள் கட்டடத்தில் முக்கால்வாசிப் பேர் ஜார்ஜியா போய் வந்துவிட்டார்கள். லிஃப்டில் நாலாவது மாடிக்கார அம்மா, “நீங்க இன்னும் ஜார்ஜியா போகலையா?” என்று கேட்பார். குழந்தைக்கு இன்னும் தடுப்பூசி போடவில்லையா என்று கேட்கிற அதே குரல். அந்தக் குரலுக்குப் பயந்துதான் நாங்களும் போனோம்: நான், மனைவி, பதின்மூன்று வயது மகள்.

மூன்றாம் நாள் மழை. மலைக்குப் போக முடியவில்லை. தலைநகரின் பழைய பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு கட்டடத்தின் நிலவறையில் கம்யூனிச ஆட்சிக் காலத்து வாழ்க்கையைக் காட்டும் மியூசியம் இருப்பதாகப் பலகை சொன்னது. டிக்கெட் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

வாசலிலேயே வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு ரொட்டிக் கூப்பன் கொடுத்து வரிசையில் நிற்க வைத்தாள். ஐந்து நிமிடம் நின்று முன்னால் போனால், “ரொட்டி தீர்ந்துவிட்டது, நாளை வாருங்கள்” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். “எங்க ஊர் ரேஷன் கடையில இதுக்கு டிக்கெட் போட்டிருந்தா இந்நேரம் பணக்கார நாடாயிருப்போம்” என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவளும் சிரித்தாள். எனக்குப் பின்னால் வந்தவர் சொன்ன ஜோக்குக்கும் அதே அளவு சிரித்தாள். அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அந்த ஆட்சி முடிந்து பல வருடம் கழித்துப் பிறந்தவள்.

உள்ளே ஒரு வீட்டை அப்படியே அமைத்து வைத்திருந்தார்கள். நான்கு குடும்பங்களுக்கு ஒரே வீடு. குடும்பத்துக்கு ஓர் அறை, அறைக்கு நடுவே ஒரு துணித் திரை, திரைக்கு அந்தப்பக்கம் கிழவர்கள், இந்தப்பக்கம் புருஷன் பெண்டாட்டி. சமையலறை பொது. நான்கு அடுப்பு, பானைகளின் மூடியில் யாருடையது என்று பெயின்ட் அடையாளம். கழிப்பறைச் சுவரில் நான்கு ஆணிகள், நான்கு ஆணிகளிலும் மரத்தாலான உட்காரும் பலகைகள், குடும்பத்துக்கு ஒன்று. மேலே நான்கு பல்புகள், ஒவ்வொன்றின் சுவிட்சும் அந்தந்தக் குடும்பத்தின் அறையில். கரன்ட் செலவில் சண்டை வரக்கூடாதாம். “யாருடைய பல்ப் எரிகிறதோ அந்த வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம்,” என்றாள் வழிகாட்டிப் பெண். மறுபடி சிரிப்பு.

என் மனைவி மட்டும் சிரிக்காமல் பானை மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, “ஏங்க, இது நீங்க சொல்ற கராமா ரூம் மாதிரில்ல இருக்கு?” என்றாள்.

அவ்வளவுதான். விளக்கைத் தேய்த்துவிட்டாள், பூதம் வெளியே வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் துபாயின் கராமா பகுதியில் ஒரு அறையில் ஆறு பேரில் ஒருவனாக இருந்தவன் நான். மூன்று இரட்டைத் தட்டுக் கட்டிலில் ஆளுக்கொரு தட்டு வாடகைக்கு (பெட் ஸ்பேஸ் என்பார்கள்), ஒரு பாத்ரூம், கதவில் ஒட்டிய நேரப் பட்டியல். ஆளுக்குப் பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் கதவை உடைப்பார்கள். இதையெல்லாம் மகளுக்குச் சொன்னேன். அவள் கண்கள் விரிந்தன. “அப்பா, சீரியஸ்லி? யூ லிவ்ட் லைக் திஸ்? தட்ஸ் சோ கூல்.”

மூன்று வருடமாக அவள் வாயிலிருந்து எனக்கு ‘கூல்’ கிடைத்ததில்லை. கிடைத்ததெல்லாம் ‘அப்பா, ப்ளீஸ்’தான். தலைக்கு ஏறிவிட்டது. நானே வழிகாட்டியாகிவிட்டேன். எங்களோடு சுற்றிக்கொண்டிருந்த, சார்ஜாவில் வசிக்கும் இரண்டு மலையாளிக் குடும்பங்கள் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு என் பின்னால் வந்தன. அந்த உற்சாகத்தில்தான் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

மூலையில் ஒரு நாற்காலியில், மடியில் கைப்பையோடு, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். காவலுக்கு என்று நினைத்திருந்தேன். நான் எழுந்ததும் அவர் வந்து, படுக்கை விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவினார். தலையணையை இரண்டு தட்டுத் தட்டினார். விரிப்பின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினார். வேலைக்கு இருப்பவர் செய்கிற மாதிரி இல்லை. வீட்டில் காலையில் எழுந்ததும் செய்கிற மாதிரி இருந்தது.

வழிகாட்டிப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “அந்தக் கட்டில் அவருடையது. அவர் அம்மா படுத்த கட்டில். மியூசியம் திறந்தபோது கொடுத்தார்.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. “அப்படின்னா வாடகை இவர் மியூசியத்துக்குக் கொடுக்கிறாரா, மியூசியம் இவருக்குக் கொடுக்குதா?” என்று கேட்டேன். அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. அதற்காக இன்றுவரை அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன்.

என் மகள், அந்தக் காலத்து வாழ்க்கை ரொம்பக் கஷ்டமாக இருந்ததா என்று கேட்கச் சொன்னாள். அந்தப் பெண்மணி கொஞ்சம் நீளமாகவே பதில் சொன்னார், கையைச் சமையலறைப் பக்கம் காட்டிக் காட்டி. வழிகாட்டிப் பெண் அதை இரண்டு வரியாகச் சுருக்கினாள். “அவர் கல்யாண விருந்து அந்தச் சமையலறையில்தான் நடந்ததாம். நான்கு குடும்பமும் சேர்ந்து சமைத்தார்களாம்.” பிறகு, “இது எங்கள் டூரில் கிடையாது,” என்று சேர்த்துக்கொண்டாள்.

டூரில் இல்லாததுதான் அந்த வீட்டில் நடந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் மேலே ஏறிப் போகும்போது ‘நல்லவேளை, நான் தப்பித்தேன்’ என்ற நிம்மதியோடு போக வேண்டும். அதற்கு வேண்டியதை மட்டும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் நிம்மதியாகத்தான் மேலே வந்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று வாங்கினேன். நாலு பல்ப் படம் போட்டது.

ஊருக்கு, அதாவது துபாய்க்கு, திரும்பிய பிறகும் அந்தக் ‘கூல்’ காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் ஜனவரியில் ஒரு ஹாலை எடுத்துப் பொங்கல் கொண்டாடுவோம். மேடையில் மைக்கைப் பிடித்து எல்லோரையும் சிரிக்க வைக்கிற வேலை பல வருடமாக என்னுடையது. சம்பளம் கிடையாது, கூடுதலாக ஒரு வடை உண்டு. ஏற்பாட்டுக் கூட்டத்தில் நான் சொன்னேன், “இந்த வருஷம் கோலப்போட்டி, கும்மி எல்லாம் இருக்கட்டும். ஹால் மூலையில ஒரு மியூசியம் வைப்போம். பேச்சிலர் ரூம் மியூசியம். இங்கேயே பொறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு அப்பாக்கள் எப்படி இருந்தாங்கன்னு தெரியட்டும்.”

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இன்று கார், ஃபிளாட், பள்ளிக்கூட ஃபீஸ் என்று இருக்கிற அப்பாக்களில் பாதிப்பேர் அப்படி ஓர் அறையிலிருந்து வந்தவர்கள்தான். தப்பித்து வந்தவர்களுக்குப் பழைய கஷ்டத்தைப் பார்க்க ஆசை அதிகம்.

சாமான்கள் அசலாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அசல் எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கராமாவில் அதே கட்டடத்தில், அதே அறையில், அதே கீழ்க்கட்டிலில் இன்னமும் ஒருவர் இருக்கிறார்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அறந்தாங்கிப் பக்கம். ஏசி ரிப்பேர் வேலை. ஊரில் காலேஜில் படிக்கிற மகள், அவருக்குப் ‘பாப்பா’. நான் துபாய் வந்து இறங்கிய முதல் வாரம், பல்வலியோடு மேல்கட்டிலில் ஏறி இறங்க முடியாமல் தவித்தபோது, கீழ்க்கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே போனவர். நான் கல்யாணமாகி வெளியேறிய பிறகுதான் மறுபடி கீழே இறங்கினார். நான் வெளியேறிப் பதினாறு வருடம் ஆகிறது. அவர் வெளியேறவில்லை.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று கட்டில்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான்கடி அகலத்துக்கு ஒரு சுவர் காலியாக இருக்கும். அதில் யாரும் தன் சாமானை மாட்டக் கூடாது, சட்டையைக்கூட. அலங்காரம் மட்டும்தான்: மர நிறத்தில் ஸ்டிக்கர், இலையும் பூவுமாக ஒரு பிளாஸ்டிக் கொடி, ஒரு முருகன் படம், ஓடாத ஒரு கடிகாரம். அதற்கு ரூமில் ‘ஸ்டூடியோ’ என்று பெயர். என் காலத்தில் ஊருக்குப் போட்டோ அனுப்ப அந்தச் சுவருக்கு முன்னால் நிற்போம். என் மாமனார் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தார். மாப்பிள்ளை நல்ல வீட்டில் இருக்கிறார் என்றாராம். இப்போது அது வீடியோ காலுக்கு. ஒருவர் வீட்டுக்குப் பேச அங்கே போய் நின்றால், மேல்கட்டில்காரர் தொங்கும் காலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். குக்கரை அணைக்க வேண்டும். லுங்கியோடு யாரும் குறுக்கே நடக்கக் கூடாது. ரூமிலிருக்கும் தெலுங்குக்காரர் பாட்டை நிறுத்த வேண்டும். ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள், ஆறாவது ஆள் தனி அறையில் இருப்பதற்காக. யார் யாரோடு சண்டை போட்டிருந்தாலும் இந்தச் சட்டத்தை மட்டும் மீறமாட்டார்கள்.

நான் போனது ஒரு ஞாயிறு. அண்ணன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மேல்கட்டிலில் இருந்த திண்டுக்கல்காரர், “எங்களையே தூக்கிட்டுப் போயி வச்சிருங்களேன், டிக்கெட்டுல பாதி குடுங்க,” என்றார்.

அண்ணன் சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தார். மூடியில் சிவப்புப் பெயின்ட் பொட்டு வைத்த பானை. கதவில் ஒட்டியிருந்த பாத்ரூம் நேரப் பட்டியல். கைப்பிடி உடைந்து கம்பி கட்டிய வாளி. எனக்கு ஆசை அடங்கவில்லை. அவர் கட்டிலைச் சுற்றித் தொங்கிய திரையைக் காட்டினேன். ஒரு பழைய புடவை. அரக்கு நிறம், மாங்காய்க் கரை.

“அண்ணே, அதுவும் வேணும்ணே. திரை இல்லாட்டி அது பெட் ஸ்பேஸே இல்ல.”

“அது வேணாம்யா. வேற துணியக் கட்டிக்க.”

“ஒரிஜினலா இருக்கணும்ணே. ஜார்ஜியால எல்லாமே ஒரிஜினல்.”

“ஜார்ஜியால மாங்காக்கர பொடவையா தொங்கவிட்டிருக்கான்?”

ரூமே சிரித்தது. நான் விடவில்லை. இரண்டு நாளில் துவைத்துத் திருப்பித் தருகிறேன் என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

“தம்பி, நான் இப்புடி ஆறு பேரோட இருக்கேன்னு பாப்பாவுக்குத் தெரியாது. கம்பெனியில தனி ரூமு குடுத்திருக்கான்னு சொல்லிருக்கேன். அதுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே படிப்ப நிறுத்திட்டு வேலைக்குப் போயிரும். நீ ஏம்ப்பா கஷ்டப்படுறேன்னு கேட்டுக்கிட்டே கெடக்குது. எம்மெஸ்ஸி முடிய இன்னும் ஒன்ற வருஷம் இருக்கு. அதுவரைக்கும் நான் தனி ரூமுலதான் இருக்கணும்.”

“அதுக்கும் திரைக்கும் என்னண்ணே?”

“போட்டோ கீட்டோ எதுலயும் வந்துரக்கூடாது. அவ்வளவுதான்.”

“சத்தியமா வராதுண்ணே.”

“நீ சத்தியம் பண்ணாதய்யா. அதான் பயமாருக்கு,” என்றார். ஆனாலும் கிளிப்புகளைக் கழற்றி, புடவையை நான்காக மடித்துக் கையில் கொடுத்தார்.

மியூசியம் பிரமாதமாக அமைந்தது. வாடகைக்கு ஒரு இரட்டைக் கட்டில் எடுத்தேன். என் மகள் வாசலில் நின்று கூப்பன் கொடுத்து வரிசையில் நிற்க வைத்தாள். கூப்பனுக்கு அரை குப்பூஸ் ரொட்டி. பிள்ளைகள் பானையைத் தொட்டுப் பார்த்தார்கள். பட்டியலைப் படித்து, “ஒன்லி டென் மினிட்ஸ்? ஃபார் எவ்ரிதிங்?” என்று கேட்டுச் சிரித்தார்கள். கட்டிலின் தலைமாட்டில் ‘படம் எடுக்கக் கூடாது’ என்று நானே எழுதி ஒட்டினேன், இரண்டு மொழிகளில்.

அண்ணன் வரவில்லை. நான் கூப்பிடவில்லை. அழைப்பிதழிலேயே ‘குடும்பத்துடன் வருக’ என்றுதான் இருந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவருக்கும் இங்கே பேச்சிலர் என்றுதான் பெயர். பேச்சிலர்களைப் பற்றிய கண்காட்சிக்கு ஒரு பேச்சிலரையும் அழைக்கவில்லை என்பது அந்த ஹாலில் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லோரையும் விட எனக்குத்தான் அதிகமாக உறைத்திருக்க வேண்டும், நான் மைக்கைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் சேர்ந்ததும் எனக்குக் கை பரபரத்தது. கூட்டம் சிரிக்கத் தொடங்கிவிட்டால் எனக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. ஸ்டூடியோச் சுவரைப் பற்றிச் சொன்னேன். சொன்னதோடு விடாமல் நடித்தும் காட்டினேன். இரண்டு நண்பர்களை மேல்கட்டிலில் காலை மடக்கி உட்கார வைத்து, திரைக்கு முன்னால் நின்று, போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசினேன். குரல் அண்ணனுடையது. அந்த இழுப்பு, தொண்டையைச் செருமிக்கொள்வது, எல்லாம் எனக்கு அத்துபடி.

“எனக்கென்ன பாப்பா, ராசா மாரி இருக்கேன். தனி ரூமு. ஏசி. சத்தமே இல்ல, அம்புட்டு அமைதி.”

பின்னால் மேல்கட்டில்காரன் தும்மினான். நான் திரும்பாமலே, “அது பக்கத்து வீட்டுக்காரரு பாப்பா,” என்றேன். ஹால் அதிர்ந்தது. நாலாவது மாடிக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் கைதட்டினாள்.

மறுநாள் காலையில் யாரோ ஒரு நண்பர் அந்த ஒன்றரை நிமிட வீடியோவை எனக்கு அனுப்பினார். எழுதி ஒட்டியிருந்தும் ஏன் எடுத்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். நான் நாலு முறை பார்த்தேன். தொப்பை தெரியவில்லை, முகம் நன்றாக விழுந்திருந்தது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கீழே ‘துபாயில் தனி ரூம்’ என்று எழுதி, சிரிக்கிற பொம்மை மூன்று. படத்தில் பாதியை மறைத்துக்கொண்டு தொங்கிய அரக்குப் புடவையை நான் பார்க்கவே இல்லை. நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் ஆபீஸில் சாப்பிட்டுவிட்டு, எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று பட்டியலைத் திறந்தேன். என் பல் டாக்டர் பார்த்திருந்தார். மகளின் ஸ்கூல் வேன் டிரைவர் பார்த்திருந்தார். இருவருக்கும் நடுவே ‘அண்ணன் பொண்ணு’ என்று ஒரு பெயர்.

அவளிடம் என் நம்பர் இருப்பதை மறந்தே போயிருந்தேன். பி.எஸ்ஸி. முடித்ததும் மேலே என்ன படிக்கலாம் என்று கேட்க அண்ணன் அவளை என்னிடம் பேச வைத்தார். அன்றிலிருந்து தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் ‘வாழ்த்துகள் சித்தப்பா’ என்று அனுப்புவாள். எம்.எஸ்ஸி. படி என்று சொன்னவன் நான்தான்.

ஸ்டேட்டஸை அழித்தேன். அவசரத்தில் முதலில் வேறெதையோ அழித்தேன். பிறகு பாத்ரூமில் போய் நின்றுகொண்டு அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். குரலைக் கலகலப்பாக வைத்துக்கொண்டேன். அது எனக்குத் தெரிந்த ஒரே குரல்.

“பாப்பா, ஸ்டேட்டஸ் பாத்தியாம்மா? சும்மா பொங்கல் நாடகம்மா அது. எல்லாம் செட்டு. கட்டில் வாடகை, துணி கடையில வாங்குனது. உங்கப்பா ரூம் நல்லா இருக்கும்மா, போன வாரம்கூட நான் அங்கதான் சாப்பிட்டேன்.”

நீல டிக் உடனே விழுந்தது. பதில் அரை மணி நேரம் கழித்து வந்தது.

“சித்தப்பா, அது அம்மா புடவை. ஊறுகா பாட்டில் உடையாம இருக்க நான்தான் சுத்தி அனுப்பினேன். மூலையில எண்ணெய்க் கறை இருக்கு.”

அதற்குக் கீழே இன்னொன்று. “அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்க.”

நான் சொல்லவில்லை. அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது. இரண்டு நாளில் தருகிறேன் என்ற புடவை என் வீட்டு அலமாரியில் மூன்று வாரம் கிடந்தது. மனைவி துவைத்து இஸ்திரி போட்டு வைத்தாள். மடிக்கும்போது அந்த எண்ணெய்க் கறையைப் பார்த்திருக்கிறாள். “இது போகவே மாட்டேங்குது,” என்றாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன். ஃபிரிட்ஜில் நாலு பல்ப் காந்தம் ஒட்டியிருந்தது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்மணி விரிப்பை நீவியது ஞாபகம் வந்தது. ஒருநாள் காந்தத்தைக் கழற்றி டிராயரில் போட்டேன். அடுத்த ஞாயிறு புடவையை எடுத்துக்கொண்டு கராமாவுக்குப் போனேன்.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திரை இல்லாத கட்டில் எப்படியோ இருந்தது. அவர் தலையணை, துண்டு, மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி எல்லாம் வருவோர் போவோர் பார்வைக்குத் திறந்து கிடந்தன. மூன்று வாரம் அவர் அப்படித்தான் தூங்கியிருக்கிறார்.

“வாய்யா. நானே ஒனக்குப் போன் போடணும்னு இருந்தேன்,” என்றார். “பாப்பா திடீர்னு ஒரு மாரிப் பேசுது. படிப்பு புடிக்கலையாம். திருச்சியில ஏதோ ஸ்கேன் சென்டர்ல வேல கெடச்சிருக்காம், திங்கக்கெழமையிலேருந்து போறேங்குது. ஃபீஸு கட்டியாச்சு, பாடமும் நல்லாத்தான் படிச்சுச்சு. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. நீ பேசு தம்பி. நீ சொன்னா கேக்கும். நீ சொல்லித்தான சேந்துச்சு.”

நான் புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேல்கட்டிலில் திண்டுக்கல்காரர் ஏதோ ஜோக் சொன்னார். வழக்கமாக அதற்குப் பதில் ஜோக் நான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். நடித்துக் காட்டியதை, அவர் குரலில் பேசியதை, ஸ்டேட்டஸில் போட்டதை, அவளிடம் சொன்ன பொய்யை, அவள் அனுப்பிய பதிலை. ஊறுகாய் பாட்டில் என்று சொன்ன இடத்தில் அவர் கண்ணை மூடித் திறந்தார். திண்டுக்கல்காரர் ஓசைப்படாமல் அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறு பேர் இருக்கிற அறையில் ஒருவருக்குத் தனிமை கொடுக்க வேண்டுமென்றால் அதுதான் வழி.

அண்ணன் என் மடியிலிருந்து புடவையை எடுத்தார். பிரித்தார். இஸ்திரி மடிப்பைக் கையால் நீவிவிட்டார். கறை இருக்கிற மூலையைத் தேடி எடுத்து, அது உள்பக்கம் வரும்படி பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கிளிப்பாக மாட்டத் தொடங்கினார். ஏழு கிளிப்புகள். அவசரப்படவில்லை. நான் எழுந்து ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, என் கைக்குத் துணியைக் கொடுக்கவும் இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் பின்னால் நகர்ந்து நின்றேன். முதுகில் ஸ்டூடியோச் சுவரின் பிளாஸ்டிக் கொடி உரசியது.

“அண்ணே, ஏதாவது சொல்லுங்கண்ணே. ரெண்டு வார்த்த திட்டவாவது செய்ங்க.”

தலையணைக்குப் பக்கத்தில் அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். மேல்கட்டில்களில் கால்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. யாரோ குக்கரை அணைத்தார்கள். அவர் சட்டையை மாட்டி, மேல் பட்டனைப் போட்டு, தலையைக் கையால் வாரிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார்.

“செவுத்துகிட்ட நிக்காதய்யா, பாப்பா கூப்புடுது.”